தோட்டத்து வீட்டில் ஜப்பானியப் படம்

அனிமே எனப்படும் ஜப்பானியச் சித்திரப் படங்களைப் பார்த்துப் பழகாதவர்களுக்கு நல்ல அனிமே படம் ஒன்றைக் காட்ட நினைத்தால் முதலில் எழுவது எந்தப் படம் என்ற கேள்வி. அடுத்தது, மொழி புரியாத இடத்தில் கூடவே உட்கார்ந்து கதையை எடுத்துச் சொல்வது யார் என்பது. மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்: படம் ஜப்பானிலிருந்து வருகிறது என்பதை வீட்டுப் பெரியவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது. பகாவ் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றின் லயத்து வீட்டில் 2020ஆம் ஆண்டிலும் அதன் பிறகும் கூடிப் பார்த்த சில படங்களின் நினைவுகள் இங்கே பதிவாகின்றன. ரப்பர்ப் பால் வெட்டி ஓய்வுபெற்ற பாட்டி, செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டிய மகன், பகாவில் தொழிற்சாலை வேலைக்குப் போய்வந்த மருமகள், நீலாயில் கல்லூரியில் படித்த பேத்தி என அந்த வீட்டில் நால்வர். படங்களைக் கொண்டுவந்தவள் பேத்தி. மற்ற மூவரும் அதற்கு முன் எந்த அனிமே படத்தையும் முழுதாக உட்கார்ந்து பார்த்ததில்லை.

தோட்டத்தில் படம் பார்ப்பது ஒரு காலத்தில் கூட்டமாக நடந்த காரியம். 1946இல் தொடங்கப்பட்ட மலாயன் ஃபிலிம் யூனிட் எடுத்த செய்திப் படங்களையும் அறிவுரைப் படங்களையும் தகவல் இலாகா வேன்கள் தோட்டந்தோட்டமாகக் கொண்டுவந்து காட்டின. நிர்வாகமோ கோவில் கமிட்டியோ ஏற்பாடு செய்யும் இரவுகளில் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டி எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள் ஓடின. பாயும் சாக்கும் கொண்டுவந்து இடம் பிடித்தவர்கள், படம் ஓடும்போதே கதாநாயகனுக்கு யோசனை சொன்னார்கள், வில்லனைத் திட்டினார்கள், பின்னால் உட்கார்ந்த கிழவிக்குக் காதோடு கதை சொன்னார்கள். 1980களில் வீடியோ வந்ததும் கூட்டம் கூடத்துக்குள் சுருங்கியது. 1996இல் ஆஸ்ட்ரோ தொடங்கியபின் ஒவ்வொரு வீடும் தனக்கென்று ஒரு திரை வைத்துக்கொண்டது.

ஜப்பானியச் சித்திரக் கதைகளும் அந்த நாள்களிலேயே வீட்டுக்குள் வந்துவிட்டன. பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் மலாய்க் குரலில் டோராமோன் பார்த்தார்கள். பெரியவர்கள் அந்த நேரத்தில் சமையற்கட்டில் இருந்தார்கள், அல்லது பின்னேர வேலைக்குப் போயிருந்தார்கள். ஆகவே வரைந்து எடுத்த படம் என்றால் பிள்ளைகளுக்கானது என்ற எண்ணம் நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் உறுதியாகப் படிந்துவிட்டது. 'பொம்மைப் படம்' என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். இது அனிமேயின் மேல் உள்ள வெறுப்பு ஆகாது. தங்களுக்காக எடுக்கப்பட்ட ஒன்று அதற்குள் இருக்கும் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

அதைச் சொல்லும் வாய்ப்பு 2020இல் வந்தது. ஸ்டுடியோ ஜிப்ளி என்ற ஜப்பானிய நிறுவனத்தின் 21 படங்களை நெட்ஃபிளிக்ஸ் அந்த ஆண்டு பிப்ரவரி 1, மார்ச் 1, ஏப்ரல் 1 ஆகிய நாள்களில் ஏழேழாக வெளியிட்டது. மலேசியாவும் அந்த வரிசையில் இருந்தது. கொரோனா பரவலால் மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. கல்லூரி மூடி வீட்டுக்கு வந்த பேத்தி திரும்பிப் போக முடியவில்லை. தோட்டத்தில் குலை வெட்டுவதும் ஏற்றுவதும் விதிமுறைகளோடு தொடர்ந்ததால் மகன் மட்டும் காலையில் போய் வந்தார். ஏப்ரலிலிருந்து தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பகலில் நாளுக்கு 1 ஜிபி இணையத்தை இலவசமாகத் தந்தன. செம்பனைக்கு நடுவே அலை பிடிக்கும் இடம் வாசற்படிதான். அங்கே போனை வைத்துப் பகலில் படத்தை இறக்கி, இரவில் கம்பி மூலம் தொலைக்காட்சியில் இணைத்துப் பார்ப்பது வழக்கமானது.

முதலில் ஓடியது 'ஸ்பிரிட்டட் அவே'. அனிமே ரசிகர்கள் பிறருக்குக் கைநீட்டும் முதல் படம் பெரும்பாலும் இதுதான். ஹயாவோ மியாசாக்கி இயக்கி 2001இல் வந்த இந்தப் படம் 2002இல் பெர்லின் விழாவின் தங்கக் கரடியையும் 2003இல் ஆஸ்கரையும் பெற்றது. ஜப்பானில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வசூலில் முதலிடத்தில் இருந்தது. ஆனால் விருதுகள் வீட்டுக் கூடத்தில் உதவவில்லை. பத்து வயதுச் சிறுமி சிஹிரோவின் பெற்றோர் ஆளில்லாத கடையில் கண்டதையும் தின்று பன்றிகளாக மாறுகிறார்கள். இருட்டியதும் நிழலுருவங்கள் வருகின்றன. குளியல் மாளிகையில் தவளையும் நத்தையும் ஆவிகளும் நடமாடுகின்றன. இவர்கள் யார், எங்கிருந்து வருகிறார்கள் என்று படம் சொல்வதில்லை. பழகியவர்களுக்கு அந்தச் சொல்லாமையே சுகம். புதிதாக வருபவர் முதல் அரைமணி நேரம் வழி தெரியாமல் நிற்பார். "சின்னப் பிள்ளைங்களுக்குப் போடும்மா இத" என்று பாட்டி இரண்டு முறை எழப் பார்த்தார்.

அவரை உட்கார வைத்தது ஒரே காட்சி. சிஹிரோ வேலை கேட்டு அந்த மாளிகையின் தலைவி யுபாபாவிடம் போகிறாள். வேலை செய்யாதவர்களுக்கு அங்கே இடமில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் யுபாபா அவள் பெயரின் எழுத்துகளைக் காகிதத்திலிருந்து பிய்த்தெடுத்து, மிச்சம் இருந்த எழுத்தை அவளுக்குப் புதுப் பெயராக வைக்கிறாள். லாரி ஓட்டும் மகன் இதைப் பார்த்ததும் தன் தகப்பனாரின் பெயர் அடையாள அட்டையில் வேறாக இருந்த கதையை எடுத்தார். தோட்ட எழுத்தரான கிராணி, ஆள் பதிவேடான செக்ரோலில் தன் காதுக்குக் கேட்டபடி எழுதிய பெயரே அட்டைக்கும் போய், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழுக்கும் போய்விட்டது. தோட்டக் குடும்பங்களில் இது அபூர்வமான கதை இல்லை. அந்தக் காட்சிக்குப் பிறகு படத்தின் நடுப்பகுதி முழுதும் சிஹிரோ தரை துடைப்பதையும், மூத்த வேலைக்காரியிடம் ஏச்சு வாங்குவதையும், நாற்றமடிக்கும் ஆற்றுத் தெய்வத்தைக் குளிப்பாட்டி அதன் உடம்பில் சிக்கிய சைக்கிளை இழுத்தெடுப்பதையும் எல்லாரும் ஊன்றிப் பார்த்தார்கள். கடைசிப் பகுதியில் மறுபடியும் பிடி நழுவியது. இந்தப் படத்தின் பெருமையில் ஐயமில்லை. முதல் படமாக வைக்கத் தக்கதல்ல என்பதே அந்த இரவு காட்டியது.

'மை நேபர் டோட்டோரோ' எளிதாக ஏறியது. 1988இல் வந்த இந்த மியாசாக்கி படத்தில் பெரிய சம்பவம் எதுவும் இல்லை. தாய் மருத்துவமனையில் இருக்க, தகப்பன் இரண்டு பெண் பிள்ளைகளோடு கிராமத்து வீட்டுக்குக் குடிவருகிறான். வீட்டருகே பெரிய கற்பூர மரம். தகப்பன் பிள்ளைகளை அதன் அடிக்குக் கூட்டிப்போய்க் கும்பிட்டு நன்றி சொல்ல வைக்கிறான். மழைக்கு ஒதுங்கும் பிள்ளைகள் வழியோரச் சிறு கோவிலில் இருக்கும் ஜிசோ என்ற தெய்வத்தின் சிலையிடம் அனுமதி கேட்டுவிட்டு நிற்கிறார்கள். தோட்ட எல்லையில் மரத்தடியில் சூலமும் அரிவாளும் நட்டு முனியாண்டியைக் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. மரத்துக்குள் ஒன்று குடியிருக்கிறது என்பதைப் பாட்டி கதையாக எடுத்துக்கொள்ளவில்லை, உள்ளதாகவே எடுத்துக்கொண்டார். தாய் இல்லாத வீட்டில் சமையலும் தங்கையும் மூத்தவள் தலையில் விழுவதைப் பார்த்து மருமகள், "மூத்த பொண்ணாப் பொறந்தா எந்த நாட்டுலயும் இதான்" என்றார்.

கதையை எடுத்துச் சொல்லும் முறையும் இந்தப் படத்தின்போது ஒழுங்குபட்டது. வசனம் திரைக்குக் கீழே ஆங்கிலத்தில் ஓடியது. பாட்டி தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் சில வகுப்பு படித்தவர். தமிழ் நாளிதழ் படிப்பார், ஆங்கிலம் வராது. முதலில் பேத்தி ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்த்தாள். அப்படிச் செய்யும்போது பாட்டி திரையை விட்டுப் பேத்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காட்சி தொடங்கும்போது இரண்டு வார்த்தையில் நிலைமையைச் சொல்லிவிட்டு, முக்கியமான வசனத்தை மட்டும் அந்தப் பாத்திரத்தின் குரலில் சொன்னாள். அதன் பிறகு பாட்டியின் கண் திரையில் நின்றது. ஊமைப் படக் காலத்து ஜப்பானில் 'பென்ஷி' என்ற கதைசொல்லிகள் திரைக்குப் பக்கத்தில் நின்று எல்லாப் பாத்திரங்களுக்கும் பேசினார்கள். பேசும் படம் வந்து 1930களில் மறையும் வரை நடிகர்களுக்கு நிகரான புகழ் அவர்களுக்கு இருந்தது. திடலில் கிழவிக்குக் காதோடு கதை சொன்னவர்கள் செய்ததும் அதே வேலைதான். அனிமே பார்க்காதவருடன் படம் பார்ப்பவர் இந்த வேலைக்குத் தயாராக இருக்க வேண்டும். அதற்குப் படத்தை முன்னால் ஒருமுறை தனியாகப் பார்த்திருப்பது அவசியம்.

அந்த வீட்டில் எல்லாரையும் ஒருசேரப் பிடித்த படம் 'ஒன்லி யெஸ்டர்டே'. இசாவோ தகாஹாதா இயக்கத்தில் 1991இல் வெளிவந்தது. மியாசாக்கியின் பெயர் அறிந்த பலர் தகாஹாதாவை அறியாமல் இருப்பது ஒரு குறை. வாழ்க்கையை உள்ளபடி வரைவதில் அவருக்கு இணை சொல்வது கடினம். தோக்கியோ அலுவலகத்தில் வேலை செய்யும் 27 வயது தாயெகோ, 1982இல் விடுமுறைக்கு யமகாதா பகுதிக்குப் போய்க் குசும்பப் பூ பறிக்கிறாள். 1966இல் பத்து வயதுச் சிறுமியாக இருந்த நாள்கள் வழியெல்லாம் அவள் நினைவில் கூடவே வருகின்றன. பூதமில்லை, மந்திரமில்லை, சண்டையில்லை. அனிமே ரசிகர்களில் பலர் இதை மெதுவான படம் என்று ஒதுக்குவார்கள். பால் வெட்டி வாழ்ந்தவருக்கு இது வேகமான படமாக இருந்தது, ஏனென்றால் பார்க்க வேண்டிய வேலை அதில் நிறைய இருந்தது.

குசும்பச் செடியில் முள் உண்டு. பனி ஈரத்தில் முள் மெத்தென்று இருக்கும் விடியற்காலையில்தான் பறிப்பார்கள். படத்தில் தாயெகோ ரயிலிலிருந்து இறங்கி நேரே வயலுக்குப் போகிறாள். சூரியன் வருவதற்குள் பறிப்பு நடக்கிறது. ரப்பரிலும் நேரம்தான் எல்லாம். பால் குழாய்களில் அழுத்தம் விடியலுக்கு முன் அதிகமாக இருக்கும், வெயில் ஏறியதும் இலைகள் நீரை வெளியேற்ற அழுத்தம் குறைந்து பால் சீக்கிரம் நின்றுவிடும். அதனால்தான் இருட்டில் எழுந்து, பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் போய்ப் பேர் கொடுத்து, விளக்கோடு நிரைக்குள் இறங்கினார்கள். இந்தக் காரணத்தை யாரும் பாட்டிக்குப் பாடமாகச் சொன்னதில்லை, ஆனால் காட்சி தொடங்கியதுமே "வெயிலுக்கு முந்திப் பறிக்கணும் போல" என்றார். பறித்த பூவைக் கழுவி, மிதித்து, புளிக்க வைத்து, இடித்து வட்டமாகத் தட்டிக் காயவைக்கும் வேலைகளைத் தகாஹாதா ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். உறைய வைத்து, உருளையில் நசுக்கி, புகைக்கூண்டில் போட்ட ரப்பர்ப் பால் பாட்டியின் பேச்சில் கூடவே ஓடியது.

அந்தப் பகுதியில் தாயெகோ ஒரு பழைய கதையை நினைக்கிறாள். கையுறை இல்லாமல் பூப்பறித்த பெண்களின் விரல்களில் முள் குத்தி ரத்தம் வரும். அந்தப் பூவிலிருந்து எடுத்த சிவப்புச் சாயம் நகரத்துச் சீமாட்டிகளின் உதட்டுக்குப் போகும். பறித்தவர்கள் ஆயுளில் ஒருநாளும் அதைப் பூசிக்கொண்டதில்லை. நெகிரி செம்பிலான் ரப்பர் உலகத்துக் கார்களுக்குச் சக்கரமாகப் போன காலத்தில் பால் வெட்டியவர்கள் நடந்தும் சைக்கிளிலும் போனார்கள். படத்தை நிறுத்தி இதைச் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை, மகனே சொன்னார்.

சிரிப்பும் இருந்தது. தாயெகோவின் சிறுவயதில் அவள் வீட்டுக்கு முதன்முதலாக ஒரு அன்னாசிப் பழம் வருகிறது. அதை எப்படி வெட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. வெட்டும் முறையைக் கேட்டுக்கொண்டு வந்து வெட்டிச் சாப்பிட்டால் கடினமாக, இனிப்பே இல்லாமல் இருக்கிறது. அக்காமார் கைவிட்டுவிட, தாயெகோ மட்டும் பிடிவாதமாக மென்று தின்கிறாள். கொல்லைப்புறத்திலேயே அன்னாசி முளைத்துக் கிடக்கும் வீட்டில் இந்தக் காட்சிக்கு எழுந்த சிரிப்பை எந்த விருது விழாவும் கேட்டிருக்காது. "பழுக்காதத வெட்டிட்டு, பழத்து மேல குத்தம் சொல்றாங்க" என்றார் பாட்டி.

இந்தப் படத்தில் பெரியவர்களின் முகம் வேறு அனிமேக்களில் வருவது போல வழுவழுவென்று இருக்காது. சிரிக்கும்போது கன்னத்தில் மடிப்பு விழும். நடிகர்களின் குரலை முதலில் பதிவுசெய்து, அந்தப் பேச்சுக்கும் முக அசைவுக்கும் பொருந்த வரைந்ததன் விளைவு இது. ஜப்பானில் பெரும்பாலும் வரைந்த பிறகே குரல் சேர்ப்பார்கள். 'பொம்மைப் படம்' என்ற சொல் இந்தப் படத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்கவில்லை. ஒரு முன்னெச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பள்ளியில் சிறுமிகளுக்கு மாதவிலக்கைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பதும், பையன்கள் அதைக் கேலி செய்வதும் படத்தில் விரிவாக வருகின்றன. அமெரிக்கத் திரையரங்குகளில் இந்தப் படம் 2016 வரை வெளிவராததற்கு இதுவும் ஒரு காரணம். தாயும் மகளும் சேர்ந்து பார்க்க அருமையான பகுதி. கூடத்தில் மகனும் இருந்தபோது மருமகள் தண்ணீர் எடுக்க எழுந்து போனார்.

இராமாயணத்தையும் ஒருமுறை போட்டுப் பார்த்தார்கள். யூகோ சாக்கோ என்ற ஜப்பானியர் 1983இல் இந்தியாவுக்கு ஆவணப்படம் எடுக்க வந்து, இராமாயணத்தில் மனம் பதிந்து, ராம் மோகன், கொயிச்சி சசாக்கி ஆகியோரோடு சேர்ந்து இயக்கிய 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' 1993இல் இந்தியத் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. 2025 ஜனவரியில் தமிழ்க் குரலோடும் இந்தியத் திரையரங்குகளுக்கு மீண்டும் வந்தது. கதை தெரிந்ததால் விளக்கம் தேவைப்படவில்லை. பாட்டி கைகூப்பிக்கொண்டு பார்த்தார். ஆனால் அது சாமி படமாகவே அவருக்கு நின்றது. அடுத்த அனிமேவுக்கு அதிலிருந்து வழி பிறக்கவில்லை. எளிதான தொடக்கம் என்று பலரும் பரிந்துரைக்கும் இந்தப் படத்தை அதன் அழகுக்காகவே காட்டலாம்.

மகனுக்கு நெருக்கமான படம் 'போம் போக்கோ'. 1994இல் வந்த தகாஹாதா படம். தோக்கியோவுக்கு மேற்கே தாமா குன்றுகளில் 1960களின் பிற்பகுதியில் புதுநகர் கட்டக் காட்டை அழிக்கிறார்கள். அங்கே வாழும் தனுக்கி என்ற விலங்குகள், உருமாறும் வித்தையைக் கொண்டு மனிதர்களை எதிர்க்கின்றன. சில சண்டைகளில் வெல்கின்றன, மொத்தத்தில் தோற்கின்றன. உருமாறத் தெரிந்தவை கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு ரயிலில் நெருக்கியடித்து வேலைக்குப் போகின்றன. நாட்டுப்புறக் கதை மரபின்படி ஆண் தனுக்கியின் அந்தரங்க உறுப்பும் வித்தைக்குப் பயன்படுவதால், பெரியவர்கள் நடுவே போடும்முன் யோசிக்க வேண்டிய படம். அந்த வீட்டில் பாட்டி தூங்கிய பிறகு ஓடியது. நீலாய், சிரம்பான் 2, பண்டார் ஸ்ரீ சென்டாயான் என்று ரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்கள் நகரங்களாவதை நெகிரி செம்பிலான் முப்பது ஆண்டுகளாகப் பார்த்துவருகிறது. தோட்டம் விற்கப்பட்டால் லயம் போகும், கோவில் எங்கே போவது என்ற வழக்கு எழும், பிள்ளைகள் மலிவுவிலை அடுக்குமாடிக்குப் போவார்கள். மகனின் கூட்டாளிகள் பலர் அப்படிப் போனவர்கள். கடைசியில் ஒரு தனுக்கி நகரத்துச் சாலையோரத்தில் தன் பழைய இனத்தாரைக் கண்டு, உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிப்போய்ச் சேரும் காட்சியை அவர் மறுபடியும் போடச் சொன்னார். இது சுற்றுச்சூழல் படம் என்று எழுதுவார்கள். தோட்டத்தில் அது குடியகற்றப் படம்.

போரைப் பற்றிய படங்களுக்கு வருமுன், இரண்டாம் உலகப்போரில் மலாயா ஜப்பானியர் ஆட்சியில் இருந்த ஜப்பான்காரன் காலத்தை நினைக்க வேண்டும். 1942 மார்ச்சில் ஜெலுபு மாவட்டத்துத் தீத்தியிலும் கோலப்பிலா பக்கத்துப் பாரிட் திங்கியிலும் சீனக் கிராமத்தார் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். பகாவில் 1943 இறுதியிலிருந்து சிங்கப்பூர்க் கத்தோலிக்கர்களை, பெரும்பாலும் யுரேசியரையும் சீனரையும், கொண்டுவந்து காட்டை வெட்டிக் குடியேற்றினார்கள். ஜப்பானியர் 'ஃபூஜி கோ' என்று பெயரிட்ட அந்த இடத்தில் மலேரியாவும் பட்டினியும் பலரைக் கொண்டுபோயின. தோட்டத் தமிழர்களுக்கு அந்தக் காலம் என்றால் சயாம் ரயில். 1942க்கும் 1943 அக்டோபருக்கும் இடையில் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட ஏறத்தாழ 60,000 போர்க்கைதிகளும் அதைப்போல் மும்மடங்கு ஆசியத் தொழிலாளர்களும் கொண்டுபோகப்பட்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர், திரும்பாதவர்களும் பல்லாயிரம். சம்பளம் தருவதாகச் சொல்லி முதலில் ஆள் சேர்த்தார்கள், பிறகு பிடித்தே ஏற்றினார்கள். இலவசப் படம் என்று கூட்டி, கொட்டகைக் கதவைச் சாத்தி ஆள் பிடித்த செய்தியும் போர்க்கால நினைவுகளில் உண்டு. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் இந்தத் துயரத்தைச் சொல்பவை. பாட்டியின் தகப்பனும் போய்த் திரும்பாதவர். அப்போது பாட்டிக்கு ஆறு வயது இருக்கும்.

'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' நெட்ஃபிளிக்ஸ் 2020இல் வெளியிட்ட 21 படங்களில் இல்லை. அதன் உரிமை மூலக்கதையை வெளியிட்ட ஷின்சோஷா பதிப்பகத்திடம் இருந்தது. 2024 செப்டம்பர் 16இல்தான் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அகியுகி நோசாகா தன் தங்கையைப் பட்டினிக்குப் பறிகொடுத்த குற்றவுணர்வில் 1967இல் எழுதிய கதை அது. தகாஹாதா ஒன்பது வயதில் ஒகயாமா குண்டுவீச்சில் தப்பியவர். இருவர் அனுபவமும் சேர்ந்து 1988இல் படமானது. கோபே நகரம் எரிந்து, தாய் இறந்து, 14 வயது செய்தாவும் 4 வயது செட்சுகோவும் அத்தை வீட்டில் ஒண்டி, அங்கிருந்தும் வெளியேறி, குளக்கரைப் பதுங்குகுழியில் ஒதுங்கி, கடைசியில் இருவரும் பட்டினியால் மடிகிறார்கள்.

இதைப் பாட்டிக்குக் காட்டலாமா என்பதில் வீட்டில் இரு கருத்து இருந்தது. மகனுக்கு விருப்பமில்லை. ஜப்பான் படம், போர்க்காலக் கதை என்று பேத்தி முன்கூட்டியே சொன்னாள். "ஜப்பான்காரன் செஞ்சத அவனே காட்டுறானா?" என்று கேட்டுவிட்டுத்தான் பாட்டி உட்கார்ந்தார். குண்டு விழும் காட்சிகள் அவரைப் பெரிதாக அசைக்கவில்லை. தோட்டத்தில் குண்டு விழவில்லை. அத்தை வீட்டுச் சோற்றுக் காட்சியில்தான் பேச ஆரம்பித்தார். தாயின் கிமோனோக்களை விற்று வந்த அரிசியில், வேலைக்குப் போகிறவர்களுக்குச் சோறும் இந்தப் பிள்ளைகளுக்கு நீர்த்த கஞ்சியும் கிடைக்கிறது. பாட்டி வீட்டில் மரவள்ளிக்கிழங்குதான் மூன்று வேளையும். அரிசி கிடைத்த அன்று அதைக் கிழங்கோடு போட்டுப் பெருக்கி, தம்பிக்கு முதலில் கொடுத்துவிட்டு மிச்சத்தை அம்மா பங்கிட்டிருக்கிறார். சாக்குத் துணி உடுத்திய கதை, உப்பு கிடைக்காத கதை, அப்பாவை லாரியில் ஏற்றிய அன்று அவர் சாப்பிடாமல் போன கதை எல்லாம் அந்த இரவில் வந்தன. மகனே பாதியை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். படம் பலமுறை நிறுத்தி நிறுத்தி ஓடியது. முடிந்ததும் பாட்டி சொன்னது: "அவங்க பிள்ளைங்களும் பட்டினிலதான் செத்துச்சா. எங்களுக்கு யாரும் சொல்லல."

அந்தப் படத்தில் ஜப்பான் ஆசியாவில் செய்தவை பற்றி ஒன்றும் இல்லை. அந்தக் குறை உண்மையானது. தோட்டத்துப் பார்வையாளர் அதைச் சொல்ல முழு உரிமை உடையவர். பாட்டியும் யாரையும் மன்னித்துவிடவில்லை. இரண்டு பட்டினியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், அவ்வளவே. ஒரு படம் அவ்வளவுக்கு இடம் கொடுத்தால் அது பெரிய படம்.

சுனாவோ கதபுச்சியின் 'இன் திஸ் கார்னர் ஆஃப் தி வேர்ல்ட்' சில மாதங்கள் கழித்து ஓடியது. 2015இல் 3,000க்கும் மேற்பட்ட பொதுமக்கள் பணம் போட்டு உதவியதில் உருவாகி 2016இல் வெளிவந்த படம். கூரே துறைமுக நகருக்கு மருமகளாக வரும் சுசு, பங்கீட்டு அரிசியை வறுத்து ஊறவைத்துப் பொங்கப் பொங்கச் சமைத்து அளவைக் கூட்டுகிறாள். சாப்பிட்டவர்கள் முகம் சுளிக்கிறார்கள். களைச்செடிகளைப் பறித்துக் குழம்பு வைக்கிறாள். சமையல் தெரிந்தவர்களுக்கு இந்தப் படம் முழுக்கப் பிடிபடும். எதிர்வீட்டு அத்தையையும் பாட்டியே கூப்பிட்டு உட்கார வைத்தார். போரை முதன்முதலாகக் காட்ட நினைப்பவர்கள் இதிலிருந்து தொடங்கி 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' படத்துக்குப் போவது நல்லது. நெஞ்சுக்குப் பாரம் சற்றுக் குறைவு, சிரிக்கவும் இடமுண்டு.

தோட்டத்து வீட்டில் ஜிப்ளி படம் காட்ட நினைக்கும் பிள்ளைகளுக்குத் துணிந்து சொல்லக்கூடிய வரிசை இது: முதலில் 'டோட்டோரோ', பிறகு 'ஒன்லி யெஸ்டர்டே', அதன் பிறகே மற்றவை. ஜப்பான்காரன் காலத்தைக் கண்ணால் கண்டவர்களில் இன்று இருப்பவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள், மிகச் சிலர். அவர்களோடு போர்ப் படம் பார்க்க உட்காரும்போது கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கட்டும். படத்தை நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். அவர்கள் சொல்வதைத் தேதி போட்டு, தோட்டத்தின் பெயரோடு எழுதி வையுங்கள்.